மலைநாட்டுப் பிள்ளைக்குக் கடற்கல்வி எதற்கு?

தருமபுரிக்கும் கடலுக்கும் என்ன உறவு என்று கேட்பார்கள். கேழ்வரகு விளையும் மேடு, புளியந்தோப்பு, மாந்தோப்பு, பிழைப்பைத் தேடிப் பெங்களூருக்கும் திருப்பூருக்கும் பஸ் ஏறும் உழைப்பாளர் கூட்டம் — இதுதான் தருமபுரி. அங்கே போய்க் கடல்வளப் பாதுகாப்பிலே பட்டமேற்படிப்பு என்று பேசுவது, பசித்தவன் முகத்திலே பன்னீர் தெளிப்பதல்லவா என்று ஏளனமும் செய்வார்கள். செய்யட்டும்!

காவிரி தமிழ்நாட்டிலே அடியெடுத்து வைப்பது எங்கே? ஒகேனக்கல்லிலே! அந்தப் புனல்தான் மேட்டூரிலே தேங்கி, தஞ்சைக் கழனிகளிலே பாய்ந்து, பூம்புகாரிலே கடலைத் தழுவுகிறது. உல்லம் என்றொரு மீன் உண்டு, தோழர்களே. கடலிலே வளரும், முட்டையிட ஆற்றை எதிர்த்து மேலேறி வரும். 1934-இலே மேட்டூர் அணை எழுந்தது. வெள்ளத்தின் போக்கு மாறிற்று. உல்லத்தின் வரத்தும் சரிந்தது. அணை வேண்டாம் என்றா சொல்கிறோம்? சோறு போடும் அணை அது! ஆனால், மேட்டிலே ஒரு கல் வைத்தால் கடலோரத்திலே ஒருவன் வலை காலியாகும் என்ற கணக்கைப் பார்க்க ஒரு படிப்பு வேண்டுமா, வேண்டாமா? அந்தக் கணக்கைப் பார்ப்பதுதான் கடல்வளப் பாதுகாப்புக் கல்வி.

அந்தக் கணக்கைத் தப்பாகப் போட்டால் யார் வயிறு காயும்? இராமநாதபுரத்து மீனவரைக் கேளுங்கள். கடலடியிலே மூழ்கிக் கடல் அட்டையைக் கையால் பொறுக்கி, அவித்து உலர்த்தி, கீழை நாடுகளுக்கு விற்றுப் பிழைத்தவர்கள் அவர்கள். 2001-இலே டில்லியிலிருந்து உத்தரவு வந்தது. கடல் அட்டையினம் முழுவதும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதலாவது அட்டவணையிலே ஏற்றப்பட்டது. புலி இருக்கும் அட்டவணை அது! நேற்றுவரை தொழிலாளி, விடிந்தால் குற்றவாளி! அதே கடலின் மறுகரையாம் இலங்கையிலோ, உரிமம் பெற்றவர் அட்டை பிடிக்கிறார். பண்ணை வைத்தும் வளர்க்கிறார்.

வேதனை என்னவென்றால், அறிவு நம்மிடம் இல்லாமலில்லை. தூத்துக்குடியிலே, மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் 1988-இலேயே கடல் அட்டைக் குஞ்சைப் பொரிப்பகத்திலே உண்டாக்கிக் காட்டினார்கள். கடலிலே எவ்வளவு அட்டை இருக்கிறது, எத்தனை ஆண்டு விட்டுவைத்தால் பெருகும், எந்த மாதத்திலே எடுக்கலாம் என்று மீனவனோடு படகேறி எண்ணிப் பார்த்துச் சொல்ல ஆள் வேண்டாமா?

கடல் அழியட்டும் என்று சொல்பவர்களல்ல நாம். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளிலே இரண்டு நீருக்குள் போய்விட்டன. சுண்ணாம்புக்காகப் பவளப்பாறையைப் பெயர்த்தது ஒரு காரணம். காவல் தேவைதான். ஆனால் காவலிலே கடலோரத்து மக்களுக்குப் பங்கு வேண்டும் என்கிறோம். பாசி எடுக்கும் பெண்கள், மாதத்தில் இத்தனை நாள்தான் கடலிலே இறங்குவோம் என்று தாங்களாகவே கட்டுப்பாடு வகுத்துக்கொண்டார்கள். 2022-இலே பாக் விரிகுடாவில், தஞ்சை – புதுக்கோட்டைக் கடற்பகுதியிலே, 448 சதுர கிலோமீட்டரைக் கடற்பசுவின் காப்பகமாகத் தமிழக அரசு அறிவித்தது. வலையிலே சிக்கிய ஆவுளியாவை, வலையை அறுத்துக் கடலிலே விடும் மீனவருக்குப் பாராட்டும் பரிசும் கிடைக்கின்றன. வழி இது! வாடை, கொண்டல், கச்சான், சோழகம் என்று காற்றைப் பெயர் சொல்லி அழைப்பவனிடம் பாடம் கேட்காத பட்டம், காகிதத்துக்குத்தான் பெருமை.

ஆகவேதான் கேட்கிறோம்: இந்தப் படிப்பிலே யார் நுழைகிறார்கள்? பரங்கிப்பேட்டையிலே அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் உயராய்வு மையம் இருக்கிறது. 1977-இலே தோன்றிய தூத்துக்குடி மீன்வளக் கல்லூரி இருக்கிறது. 2012-இலே நாகையைத் தலைமையிடமாகக் கொண்டு மீன்வளப் பல்கலைக்கழகமும் வந்தது. 2021-இலே இயற்றிய சட்டம், மீன்வளம் உள்ளிட்ட தொழிற்படிப்புகளிலே அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 7.5 விழுக்காடு இடம் தந்தது. கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கும் என்ற அறிவிப்பும் வந்தது. வரவேற்றோம்! ஆனால் அந்தச் சட்டம் இளநிலைப் பட்டத்தோடு நின்றுவிடுகிறது. கொள்கை வகுக்கும் மேசைக்கு ஆளனுப்புவது முதுநிலைப் பட்டமும் ஆராய்ச்சியும். ஏழையின் பிள்ளை அந்தப் படிக்கட்டின் நடுவிலே இறங்கிவிட வேண்டுமா? சலுகை மேற்படிப்புக்கும் நீள வேண்டும். ஆய்வேடு எழுதுவோர் ஒரு பருவமேனும் மீனவர் குப்பத்திலே தங்க வேண்டும். கண்ட முடிவைத் தமிழிலே எழுதி, அந்தக் குப்பத்தார் கையிலே கொடுக்க வேண்டும்.

2011 கணக்கெடுப்பிலே தமிழ்நாட்டிலேயே எழுத்தறிவு குறைந்த மாவட்டம் தருமபுரி. நூற்றுக்கு 68 பேர் சொச்சம். அங்கிருந்து ஒரு பிள்ளை தூத்துக்குடிக்குப் போக, முதலில் அப்படியொரு கல்லூரி இருப்பது வீட்டாருக்குத் தெரிய வேண்டுமே! பென்னாகரம், பாலக்கோடு, அரூர்த் தோழர்கள் பிளஸ் டூ முடிவு வந்த மறுநாளே, உயிரியல் படித்த அரசுப் பள்ளிப் பிள்ளைகளின் வீட்டுக் கதவைத் தட்டுங்கள். விண்ணப்பத்தை உடனிருந்து நிரப்புங்கள். பெண்பிள்ளையை அவ்வளவு தொலைவா அனுப்புவது என்று தயங்கும் தாயிடம், அரசே செலவேற்கும் விடுதியைப் பற்றி எடுத்துச் சொல்லுங்கள்.