வல்லாரை சாப்பிட்டா எஸ்பிஎம்-ல 'ஏ' கிடைக்குமா? எலி ஆய்வுகள் சொல்வது என்ன?

எஸ்பிஎம் தேர்வு நெருங்கினால் வல்லாரைக்கும் சீசன் தொடங்கிவிடும். பத்துமலையில் பிள்ளை பெயருக்கு அர்ச்சனை ஒரு பக்கம், "ஞாபகசக்தி" மாத்திரை இன்னொரு பக்கம். கூடவே குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு வரி வரும்: "விஞ்ஞானிகளே நிரூபிச்சிட்டாங்க."

அது முழுப் பொய் இல்லை. ஆனால் யாரிடம் நிரூபித்தார்கள்? பெரும்பாலும் எலிகளிடம்.

எந்தச் செடி இது?

நாம் வல்லாரை என்பதும், பசாரில் உலாமுக்காகக் கட்டுக்கட்டாக விற்கும் பெகாகாவும் ஒன்றுதான். அறிவியல் பெயர் சென்டெல்லா ஏசியாட்டிகா. சிலர் இதையே 'பிரம்மி' என்றும் சொல்வார்கள். ஆனால் நீர்ப்பிரமி, அதாவது பாகோபா மொன்னியேரி, வேறு செடி. ஒன்றின் ஆய்வைக் காட்டி மற்றொன்றை விற்க இந்தப் பெயர்க் குழப்பமே போதும்.

எலியின் ஞாபகத்தை எப்படி அளக்கிறார்கள்?

ஒரு வழி, இரண்டு அறை கொண்ட பெட்டி. முதலில் ஒரு சிக்னல், சில விநாடிகளில் காலடியில் லேசான மின் அதிர்வு. சிக்னல் வந்ததுமே அடுத்த அறைக்கு ஓடினால் தப்பிக்கலாம். அதை எலி எவ்வளவு சீக்கிரம் கற்கிறது என்று எண்ணுவார்கள்.

இன்னொன்று, ரிச்சர்ட் மோரிஸ் 1981-இல் வெளியிட்ட நீர்த்தொட்டிச் சோதனை. கலங்கிய நீருக்குள் ஒரு மேடை மறைந்திருக்கும். அது எங்கே என்று நினைவு வைத்து எலி நீந்திப்போக வேண்டும்.

என்ன தெரிந்தது?

2002-இல் டெல்லி எய்ம்ஸ் ஆய்வாளர்கள், வல்லாரையை நீர், மெத்தனால், குளோரோபார்ம் மூன்றிலும் தனித்தனியாகச் சாரம் எடுத்து எலிகளுக்குக் கொடுத்தார்கள். நீரில் எடுத்த சாரம் மட்டுமே கற்றலையும் நினைவையும் கூட்டியது. அளவு, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 200 மில்லிகிராம், 14 நாள்.

2006-இல் வெளியான மணிப்பால் ஆய்வில் எலிக்குட்டிகளுக்கு இலைச்சாறு கொடுத்தார்கள். நினைவுக்கு முக்கியமான ஹிப்போகேம்பஸ் பகுதியில், நரம்பணுக்களின் கிளைகள் அதிகமாகப் படர்ந்திருந்தன. அமெரிக்காவில் ஒரிகன் ஹெல்த் அண்ட் சயின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்களும், அல்சைமர் போன்ற பாதிப்புள்ள சுண்டெலிகளில் நல்ல பலனைப் பார்த்திருக்கிறார்கள்.

அப்போ நமக்கும் வேலை செய்யணும் தானே?

இங்கேதான் நிதானம் வேண்டும். முதலில் அளவு. மருந்து ஆய்வில், எலிக்குத் தரும் அளவைச் சுமார் 6-ஆல் வகுத்துத்தான் மனிதனுக்குக் கணக்கிடுவார்கள். அதன்படி பார்த்தால்கூட, 50 கிலோ எடையுள்ள மாணவருக்குத் தினமும் ஏறக்குறைய 1,600 மில்லிகிராம் சாரம் வருகிறது. இது சாப்பிடச் சொல்லும் அளவல்ல. தட்டில் வைக்கும் துவையலுக்கும் ஆய்வகச் சாரத்துக்கும் எவ்வளவு தூரம் என்பதைக் காட்டும் கணக்கு மட்டுமே.

அடுத்தது, மின் அதிர்விலிருந்து தப்பிக் கற்பதும், செஜாரா பாடத்தைப் புரிந்து எழுதுவதும் ஒரே வேலை இல்லை.

மனிதர்களிடம் சோதித்தார்களா?

சோதித்திருக்கிறார்கள். 2008-இல் தாய்லாந்தில் ஆரோக்கியமான 28 முதியவர்களுக்கு இரண்டு மாதம் வல்லாரைச் சாரம் தந்தார்கள். தினமும் 750 மில்லிகிராம் எடுத்தவர்களிடம் முன்னேற்றம் தெரிந்தது. ஆனால் அவர்கள் முதியவர்கள், எண்ணிக்கையும் குறைவு.

2017-இல் 11 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, வல்லாரையை மட்டும் எடுத்தவர்களுக்கும் போலி மாத்திரை எடுத்தவர்களுக்கும் அறிவுத்திறனில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. விழிப்புணர்வு போன்ற மனநிலையில் மட்டும் கொஞ்சம் மாற்றம் தெரிந்தது.

நீர்ப்பிரமியின் கதை வேறு. 2001-இல் ஆஸ்திரேலியாவில் 46 பேரிடம் நடந்த சோதனையில் பலன் தெரிந்தது, ஆனால் 12 வாரம் கழித்துத்தான். தேர்வுக்கு முந்தைய வாரம் வாங்கி விழுங்குவதை அதுவும் ஆதரிக்கவில்லை.

அப்போ என்ன செய்யலாம்?

துவையலோ, சம்பலோ, உலாமோ, தாராளமாகச் சாப்பிடுங்கள். அது நல்ல கீரை. மாத்திரை என்றால் கதை வேறு. மலேசியாவில் பதிவு செய்த பாரம்பரிய மருந்தின் மேல் MAL என்று தொடங்கி T என முடியும் எண் இருக்கும். அதை என்பிஆர்ஏ இணையத்தளத்தில் சரிபாருங்கள். பதிவு எண் இருந்தாலே மதிப்பெண் கூடும் என்று அர்த்தமில்லை. இயற்கை என்பதால் ஆபத்தே இல்லை என்றும் சொல்ல முடியாது. வல்லாரை மாத்திரை எடுத்த மூன்று பெண்களுக்குக் கல்லீரல் அழற்சி வந்ததாக 2005-இல் ஒரு மருத்துவ இதழ் பதிவு செய்தது. நிறுத்தியபின் சரியானது. கல்லீரல் பிரச்சினை உள்ளவர்களும் வேறு மருந்து எடுப்பவர்களும் முதலில் டாக்டரிடம் கேளுங்கள்.

மாத்திரைச் செலவைவிடப் பெரிய இழப்பு ஒன்று உண்டு. ஒரு பிள்ளைக்கு எழுத்துகளே குழம்பலாம், கவனம் நிற்காமல் போகலாம், பதற்றத்தில் தூக்கம் வராமல் இருக்கலாம். "ஞாபகசக்தி இல்லை" என்று மாத்திரை கொடுத்தே ஒரு வருடம் போய்விட்டால், கிடைத்திருக்க வேண்டிய உதவியும் ஒரு வருடம் தள்ளிப்போகும். அதை எந்த எலி ஆய்வும் ஈடுகட்டாது.