கரும்புகை ரசிகர்கள்

தமிழ்க் கதைகளில் வரும் நீராவி ரயில் பெரும்பாலும் கரும்புகை கக்கியபடியே வருகிறது. கணினியில் ரயில் ஓட்டும் சிமுலேட்டர்களுக்கு நம் ஆர்வலர்கள் செய்து தரும் எஞ்சின்களும் அப்படியே. இரு தரப்பாரும் ஒரே பிழையைச் செய்கிறார்கள் என்பது என் குற்றச்சாட்டு. இலக்கியப் பக்கத்தில் விளையாட்டுச் சாமான் எதற்கு என்று முகம் சுளிக்கும் அன்பர்கள் சற்றுப் பொறுக்கவும்.

கீரனூரில், எழுபதைக் கடந்த முன்னாள் ஃபயர்மேன் ஒருவரிடம் அத்தகைய மாடல் ஒன்றைக் காட்டினேன். திருச்சியிலிருந்து புதுக்கோட்டைக்கு 1929-இல் வந்த மீட்டர் கேஜ் பாதை (அறந்தாங்கிக்கு 1903-லேயே ரயில் வந்துவிட்டது, சமஸ்தானத் தலைநகர் கால் நூற்றாண்டு காத்திருந்தது). அதில் ஒய்.பி. வகை எஞ்சின். வர்ணம், எண் பலகை, பித்தளைக் குழாய்கள் எல்லாம் அச்சு அசல். பெரியவர் கொஞ்ச நேரம் பார்த்தார். "தம்பி, இம்புட்டுக் கறுப்பா புகை விட்டிருந்தா டிரைவர் என்னைய அடுத்த டேசன்லயே எறக்கி விட்டிருப்பாரு" என்றார்.

கரும்புகை என்பது எரியாமல் வீணாகப் போகும் கரி. நெருப்புப் பெட்டிக்குள் காற்று போதாமலோ, ஒரே இடத்தில் கரியைக் குவித்துவிட்டாலோ வருவது. கைதேர்ந்த ஃபயர்மேன் சிறுகச் சிறுக, அடிக்கடி, மெல்லிய படுகையாகப் பரப்புவார். புகைபோக்கியில் இளஞ்சாம்பல் நிறம் தெரிந்தால் அது அவருடைய கைத்திறன். நாம் அழகென்று கொண்டாடி வந்தது ஒரு தொழிலாளி வெட்கப்பட்டிருக்கக்கூடிய காட்சி.

வீடு திரும்பி அந்த மாடலின் கோப்பைத் திறந்தேன். உள்ளே இருந்தவை டீசல் எஞ்சினுக்குரிய எண்கள். மேலே மட்டும் நீராவிச் சட்டை. விசையை அழுத்தினால் கிளம்பும். கரி தீராது, தண்ணீர் குறையாது.

ஒய்.பி.யின் இயக்கு சக்கரத்தின் விட்டம் 54 அங்குலம். சிலிண்டர் இரண்டு; சக்கரம் ஒருமுறை சுற்றினால் புகைபோக்கியில் நான்கு மூச்சு. கணக்குப் போட்டுப் பாருங்கள்: மணிக்கு 20 கிலோமீட்டரில் நொடிக்கு ஐந்து, 60-இல் நொடிக்குப் பதினைந்து. அந்த வேகத்தில் 'குப் குப்' என்பது கரைந்து ஓர் உறுமலாகிவிடும். நம் மாடலோ எல்லா வேகத்திலும் ஒரே தாளத்தில் குப்குப்பென்று போகிறது, குழந்தைப் பாட்டு ரயிலைப் போல.

கிளம்பும்போது பிஸ்டன் வீச்சில் முக்கால் பங்கு வரைக்கும் நீராவியை உள்ளே விட வேண்டும். வேகம் பிடித்தபின் கால் பங்கோடு நிறுத்திவிட்டு, மீதியை நீராவி தானே விரிந்து தள்ளும்படி விட வேண்டும். இதற்குக் கட்-ஆஃப் என்று பெயர். குறைக்க மறந்தால் 210 பவுண்டு அழுத்தம் மளமளவென்று விழும், தண்ணீர் தீரும். நெருப்புப் பெட்டியின் கூரைக்குக் கீழே நீர்மட்டம் இறங்கினால் லெட் பிளக் உருகி, நீராவி நெருப்பின்மேல் பாயும். அத்துடன் அன்றைய பயணம் முடிந்தது. இந்த அச்சம்தான் அந்தத் தொழில். இது இல்லாத மாடல் பொம்மை.

மென்பொருளைக் குறை சொல்ல வழியில்லை. 2001-இல் வந்த மைக்ரோசாஃப்ட் டிரெய்ன் சிமுலேட்டரின் கோப்புகளையே ஏற்று ஓடும் ஓப்பன் ரெயில்ஸ் இலவசம், திறமூலம். நெருப்பு, நீர்மட்டம், கட்-ஆஃப் அனைத்தையும் கணக்கிடுகிறது. எண்களைத் தர வேண்டியவர்கள் நாம். அவை எங்கே கிடைக்கும் என்று கேட்பவர்கள் பொன்மலையை நினைக்கட்டும். புதுக்கோட்டையிலிருந்து சுமார் ஐம்பது கிலோமீட்டர். நீலகிரி மலை ரயிலுக்கு 2021-இல்கூடக் கரியில் ஓடும் புதிய எஞ்சினைச் செய்து கொடுத்த பணிமனை அது.

"உருவம் சரியாக இருந்தால் போதாதா, யார் பார்க்கப் போகிறார்கள்?" என்றார் ஒரு நண்பர். நடவு மாதத்தைத் தவறாக எழுதிய கதையை நாம் சும்மா விடுவோமா? உழவனுக்குக் காட்டும் அந்த மரியாதையை ரயில் தொழிலாளிக்கு ஏன் மறுக்கிறோம்? மொத்தம் 871 ஒய்.பி. எஞ்சின்கள் கட்டப்பட்டன, சரிபாதிக்கு மேல் ஜாம்ஷெட்பூரில். 1970-உடன் அதுவும் நின்றது. பெரும்பாலானவை பழைய இரும்பாகப் போய்விட்டன. புதுக்கோட்டைப் பாதையும் இன்று அகலப்பாதை. அவற்றில் கரி அள்ளியவர்கள் மட்டும் ஊருக்கு ஒருவர் இருவராக இருக்கிறார்கள். அவர்கள் கையறிவை எழுத்தில் விவரிக்கலாம். ஆனால் படிப்பவர் கை அதைச் செய்து பார்க்க, தவறு செய்து பார்க்க, இந்த விளையாட்டுச் சாமானை விட்டால் வேறென்ன இருக்கிறது?

எண்களைத் திருத்திக்கொண்டு மறுபடி கீரனூர் போனேன். பெரியவர் சத்தத்தைக் கேட்டுத் தலையாட்டினார். பிறகு திரையில் விரலை வைத்து, "தண்ணிக் கண்ணாடி ஆடலையே தம்பி, வண்டி ஓடுறப்ப தண்ணி ஆடணுமே" என்றார். அது அசையாத ஓவியமாக இருந்தது. இப்போது அதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன்.