பேர் வச்சது யாரு?

பழைய ஏற்பாட்டைப் பாடம் நடத்துகிறவருக்கு அரசியல் எதற்கு என்கிறார்கள். பழங்காலத்தை 'நடுநிலையாக'ப் படிக்கணுமாம். யாருடைய நடுநிலை?

1887இல் எகிப்தின் அமர்னாவில் களிமண் பலகைகள் கிடைத்தன. எருசலேமை ஆண்ட அப்தி-ஹெபா பார்வோனுக்கு எழுதிய கடிதங்களும் அவற்றில் உண்டு. 'அபிரு'க்கள் நிலத்தைப் பிடிக்கிறார்கள், வில்லாளிகளை அனுப்புங்கள் என்று கெஞ்சுகிறான். அபிரு யார்? அரசனுக்கு அடங்காமல் வெளியே நின்றவர்கள். கடிதம் எழுதியவன் அரசன். அவன் சொன்னதே சரித்திரமா?

இல்லை என்றார் அமெரிக்க விவிலியப் பேராசிரியர் நார்மன் காட்வால்ட் (1926-2022). வகுப்பறைக்கு வெளியே அரசியல் களத்திலும் நின்ற மனுஷன். 1979இல் வந்த 'யாவேயின் கோத்திரங்கள்' என்ற ஆங்கில நூலில், கானான் நகர அரசர்களுக்கு வரிகட்டி ஓய்ந்த உழவர்களும் அபிருக்களும் கலகம் செய்து உண்டாக்கிய சமூகமே இஸ்ரவேல் என்று வாதிட்டார். கலகம் நடந்ததற்குச் சான்று போதாது என்று பலர் மறுத்தார்கள். மறுக்கட்டும். இஸ்ரவேலர் பெரும்பாலும் கானான் மண்ணிலிருந்தே உருவானவர்கள் என்பதை இன்று ஆய்வாளர் பலரும் ஏற்கிறார்கள். கீழேயிருந்து கேட்ட கேள்வி வீண்போகவில்லை.

நான் எம்.ஏ. தமிழ் படித்தபோது புறநானூறு 82ஆம் பாட்டு நடந்தது. கட்டில் பின்னுகிற தொழிலாளியைப் புலவர் 'இழிசினன்' என்கிறார். அவன் கை ஊசியின் வேகத்தை ஒரு மணிநேரம் வியந்தார் பேராசிரியர். "இழிசினன்னு பேர் வச்சது யாருங்கய்யா?" என்று எழுந்தேன். "இலக்கியத்தை இலக்கியமா பாருப்பா. உட்காரு."

உட்கார்ந்தேன். இனி உட்கார மாட்டோம். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டு உவமைநயம் பேசுங்கள், அய்யா.