ஜேர்மனியின் ஊர்ந்து செல்லும் இணையம்

ஜேர்மனியில் வாழும் நம்மவர் குடும்பங்கள் பாரிசிலோ சூரிச்சிலோ உள்ள உறவினர் வீடுகளுக்குச் சென்று திரும்பும்போது ஒரு முறைப்பாட்டையும் உடன் கொண்டுவருகின்றன. அங்கே இணையம் பறக்கிறது, இங்கே ஊர்கிறது என்பதே அம்முறைப்பாடு. உலகுக்கே கார்களையும் இயந்திரங்களையும் விற்கும் ஒரு செல்வந்த நாட்டில், கிராமத்து வீடொன்றில் பேரப்பிள்ளையின் முகம் திரையில் உறைந்து நிற்பதேன்? தொழில்நுட்பம் அப்படித்தான் என்று பலர் அமைதி கொள்கின்றனர். நாம் அவ்வாறு கருதவில்லை. இந்த மந்தநிலை ஆட்சியாளர் எடுத்த முடிவுகளின் விளைவாகும்.

1981 ஏப்ரலில் சான்சலர் ஹெல்முட் சிமித்தின் அமைச்சரவை, நாடெங்கும் ஒளிநார் வடம் பதிக்கும் நோக்கத்துக்கு இசைவு தெரிவித்தது. முப்பது ஆண்டுகளில் படிப்படியாக முடிப்பதென்பது எண்ணம். அது நிறைவேறியிருந்தால் இன்று இத்தலையங்கத்துக்கே தேவை இருந்திராது. ஆனால் 1982 ஒக்டோபரில் ஆட்சி மாறியது. ஹெல்முட் கோலின் அரசில் தபால் அமைச்சராக வந்த கிறிஸ்தியான் சுவார்ஸ்-சில்லிங், தனியார் தொலைக்காட்சியை விரைவாக வீடுகளுக்குக் கொண்டுசெல்லும் பொருட்டுச் செப்பு வடத்தையே தெரிவுசெய்தார். (இதே அமைச்சர் 1992 டிசம்பரில், பொஸ்னியப் படுகொலைகளைத் தம் அரசு கைகட்டிப் பார்த்திருந்ததைக் கண்டித்துப் பதவி துறந்தவர். அந்த மனச்சான்றை அகதிகளாகிய நாம் மதிக்கிறோம். வடம் பற்றிய அவருடைய முடிவை மதிக்க இயலவில்லை.)

நாடு இணைந்த பின் கிழக்குப் பகுதியின் சில இடங்களில் ஒளிநார் பதிக்கப்பட்டது. 1999இல் விநாடிக்கு 768 கிலோபிற் வேகத்தில் அகலப்பட்டை இணையம் அறிமுகமானபோது அது செப்புக் கம்பியில் மட்டுமே ஓடக்கூடியதாக இருந்தது. ஆகவே புதிய வடம் பெற்ற வீடுகளே பல்லாண்டுகள் இணையத்துக்காகக் காத்திருந்தன! அதன் பிறகும் பழைய செப்பிலிருந்து இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று வேகத்தைப் பிழிந்தெடுப்பதிலேயே காலம் கழிந்தது. ஸ்ரொக்கோம் நகரமோ 1994இலேயே தனக்கென ஒரு நிறுவனத்தை அமைத்து, ஒளிநாரைப் பதித்து, எந்த நிறுவனத்துக்கும் வாடகைக்கு விடத் தொடங்கிவிட்டது. பிரான்ஸ் 2013இல் நாடளாவிய திட்டமொன்றை வகுத்து, 2030 அளவில் செப்புக் கம்பியை முற்றாகக் கைவிடும் நிலைக்கு வந்துள்ளது.

மந்தமான இணையத்துக்கு அளவுக் கட்டுப்பாடும் விதிக்க முயன்ற வரலாறு ஒன்றும் உண்டு. 2013 ஏப்ரலில் டொச்ச ரெலிகொம் தனது புதிய வீட்டு ஒப்பந்தங்களுக்கு வரம்பு அறிவித்தது. சாதாரண இணைப்பைக் கொண்டவர் மாதம் 75 கிகாபைற்றைக் கடந்தால், எஞ்சிய நாட்களில் வேகம் 384 கிலோபிற்றாகக் குறைக்கப்படும். அதாவது, 1999இல் தொடங்கிய வேகத்தின் சரிபாதி. அந்நிறுவனத்தின் சொந்தத் தொலைக்காட்சிச் சேவை மாத்திரம் இக்கணக்கில் சேராதாம்! மக்கள் கொதித்தெழுந்தனர். பாராளுமன்றத்துக்கு அனுப்பப்பட்ட மனுவில் எழுபதினாயிரத்துக்கும் மேற்பட்டோர் கையொப்பமிட்டனர். நுகர்வோர் அமைப்பு வழக்குத் தொடுத்தது. அளவற்ற சேவை என்று விற்றுவிட்டு வேகத்தைக் குறைப்பது நுகர்வோருக்கு இழைக்கும் அநீதி என்று அவ்வாண்டு ஒக்டோபர் 30ஆம் நாள் கேல்ன் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. திட்டம் கைவிடப்பட்டது. எதிர்ப்புக் காட்டினால் பயன் உண்டு என்பதற்கு இதனிலும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

ஆயினும் நம்மவருள் ஒரு பகுதியினருக்கு அந்த வரம்பு ஒருபோதும் நீங்கவில்லை. தஞ்சம் கோரி விடுதிகளில் வாழ்வோரையே குறிப்பிடுகிறோம். முதல் வரவேற்பு முகாமில் ஒருவரைப் பதினெட்டு மாதங்கள் வரை தங்கவைக்கச் சட்டம் இடமளிக்கிறது. சில மாதங்களுக்கொருமுறை புதுப்பிக்கப்படும் வதிவிடக் கடதாசியை வைத்திருப்பவருக்கு இரண்டாண்டு இணைய ஒப்பந்தம் எட்டாக் கனி. எஞ்சுவது முற்கொடுப்பனவுக் கைபேசி அட்டை. அதில் வாங்கிய அளவு தீர்ந்தால் இணையம் பெயரளவுக்கே இருக்கும்.

பொழுதுபோக்குக்காக நாம் இதனைக் கேட்கவில்லை. ஊரிலிருந்து வரவேண்டிய பிறப்புச் சான்றிதழ், காவல்துறை அழைப்பாணை, வைத்தியசாலைப் பதிவு அனைத்தும் இன்று படங்களாகக் கைபேசிக்கே வந்து சேர்கின்றன. சட்டத்தரணியிடம் அவற்றைச் சேர்ப்பதும் அதன் வழியேதான். விசாரணைக்கு முதல்நாள் அளவு தீர்ந்துபோனவரின் நிலையை எண்ணிப் பாருங்கள். டொச்ச மொழி கற்கும் இலவச இணைய வகுப்புகள் தரமானவையாகவே உள்ளன. அவற்றைத் திறக்கும் வசதிதான் இல்லை. 2020இல் பாடசாலைகள் மூடப்பட்டபோது விடுதிப் பிள்ளைகள் பட்ட இன்னல் பெற்றோருக்குத் தெரியும்.

இணையம் வாழ்க்கைக்கு இன்றியமையாத வசதி என்பதை இந்நாட்டின் உச்ச நீதிமன்றமே 2013 ஜனவரி 24ஆம் நாள் ஏற்றுக்கொண்டு, இணைப்பை இழந்தவருக்கு இழப்பீடு பெறும் உரிமையை வழங்கியது. விடுதிச் சுவருக்குள் இருப்பவனுக்கு மட்டும் அது ஆடம்பரமாகிவிடுமா?

2015 காலப்பகுதியில் தன்னார்வலர்கள் பல அகதி விடுதிகளுக்குக் கம்பியில்லா இணையத்தை இலவசமாக அமைத்துக் கொடுத்தனர். வேறொருவர் செய்யும் குற்றத்துக்கு இணைப்பின் உரிமையாளர் பொறுப்பாக நேரிடும் என்ற அச்சம் அப்போது நகரசபைகளைத் தயங்க வைத்தது. 2017இன் சட்டத்திருத்தம் அந்தப் பொறுப்பைப் பெருமளவு நீக்கிவிட்டது. ஆகவே இன்றும் அதையே காரணம் காட்டும் நிர்வாகத்தினரின் சொல்லை ஏற்க வேண்டியதில்லை.

சொந்த வீட்டில் இருப்போருக்கும் கடமை உண்டு. ஒப்பந்தத்தில் கண்ட வேகம் கிடைக்காவிடின், 2021 டிசம்பர் முதல் மாதக் கட்டணத்தைக் குறைத்துச் செலுத்தவோ ஒப்பந்தத்தை முறிக்கவோ உரிமை உள்ளது. அரசின் வலையமைப்பு முகவரகம் வழங்கும் செயலியில், மூன்று வெவ்வேறு நாட்களில் மொத்தம் முப்பது தடவைகள் அளந்து காட்டவேண்டும். கணினியைக் கம்பியால் இணைத்தே அளக்க வேண்டும் என்பதைக் கவனியுங்கள். செயலியின் மொழி விளங்காத பெற்றோருக்கு வீட்டிலுள்ள பிள்ளைகள் துணைநிற்கலாம். மாதந்தோறும் பணத்தைக் கட்டிவிட்டு முணுமுணுப்பதோடு நின்றுவிடும் பழக்கம் நம்மிடம் அதிகம்.

விடுதிகள் பெரும்பாலும் நகரசபைகளின் அல்லது மாநிலத்தின் பொறுப்பில் உள்ளவை. அந்தந்த ஊர்த் தமிழ்ச் சங்கங்களும் தமிழ்ப் பாடசாலைகளின் பெற்றோரும், குறிப்பாக இந்நாட்டுக் குடியுரிமையும் வாக்கும் பெற்றவர்களும், தத்தம் நகரசபை உறுப்பினருக்கு எழுத்தில் கோரிக்கை அனுப்பவேண்டும். அலுவலக வாசலில் ஒரு மூலையில் மட்டும் இணைப்பைத் தந்துவிட்டுக் கணக்கை முடிக்க இடமளிக்கலாகாது. பிள்ளைகள் படிக்கும், பெரியோர் உறங்கும் அறைகள் வரை அது எட்டவேண்டும் என்று அக்கடிதத்தில் தெளிவாகக் குறிப்பிடுங்கள்.