வீதியின் அகலமும் பாதசாரியின் உயிரும்

2022-ஆம் ஆண்டில் இந்தியச் சாலை விபத்துக்களில் மாண்டோர் 1,68,491 பேர் என மத்திய அரசின் சாலைப் போக்குவரத்து அமைச்சகம் கணக்கிட்டுள்ளது. அவர்களுள் 32,825 பேர் நடந்து சென்றவர்கள். இம்மரணங்களுக்குப் பாதசாரியின் கவனக்குறைவே காரணம் எனக் கூறுவது பெருவழக்காயிற்று. பள்ளிகளிலும் வீதியைக் கடக்கும் முறை கற்பிக்கப்படுகிறதேயன்றி, அவ்வீதி ஏன் அவ்வாறு அமைக்கப்பட்டது என்ற வினா எழுப்பப்படுவதில்லை. எழுப்பப்பட வேண்டிய வினா அதுவே.

ஓர் எளிய கணக்கினின்று தொடங்கலாம். மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி ஒரு விநாடியில் எட்டு மீட்டருக்குச் சற்று மேல் செல்லும். 50 கிலோமீட்டர் வேகத்தில் வருவது ஏறக்குறைய 14 மீட்டர் செல்லும். குறுக்கே வரும் குழந்தையைக் கண்டு பிரேக்கை மிதிக்க ஓட்டுநருக்கு ஒரு விநாடியேனும் ஆகும் எனக் கொள்வோம். நல்ல பிரேக் உள்ள முதல் வண்டி, உலர்ந்த சாலையில், மேலும் ஐந்து மீட்டர் ஓடி நின்றுவிடும். குழந்தை பதின்மூன்றரை மீட்டர் தொலைவில் இருந்திருப்பின் உயிர் பிழைக்கும். இரண்டாவது வண்டியோ அவ்விடத்தை அடையும்போது அதன் பிரேக் இன்னும் பிடிக்கத் தொடங்கியே இராது. அதன் மோதல் ஆற்றல், வேகத்தின் வர்க்கத்திற்கேற்ப, 30 கிலோமீட்டரில் உள்ளதைப்போல் ஏறத்தாழ இரண்டே முக்கால் மடங்காகும். இதில் குழந்தையின் கவனக்குறைவு எவ்வளவு, வேகத்தின் பங்கு எவ்வளவு என்பதை ஆசிரியர்கள் மாணவரைக் கொண்டே கணிக்கச் செய்யலாம்.

வேகத்தைக் குறைக்க அறிவிப்புப் பலகை நடுவது எளிது. ஆயின் அகன்று, நேராக, தடையின்றிக் கிடக்கும் வீதி அப்பலகைக்கு மாறான செய்தியையே ஓட்டுநருக்குச் சொல்கிறது. மூன்றரை மீட்டர் அகலமுள்ள ஆறு தடங்கள் கொண்ட வீதி 21 மீட்டர் அகலமாகும். விநாடிக்கு 1.2 மீட்டர் வீதம் நடப்பவருக்கே அதைக் கடக்கப் பதினேழரை விநாடி வேண்டும். முதியவருக்கு இன்னும் மிகுதி. ஒவ்வொரு தடத்தையும் மூன்று மீட்டராக்கினால் மூன்று மீட்டர் அகலம் மிச்சமாகி நடைபாதைகளுக்குக் கிடைக்கும். நடுவில் நின்று இளைப்பாறத் திட்டு ஒன்று அமைத்தால், ஒரே மூச்சில் கடக்க வேண்டிய தொலைவு ஒன்பது மீட்டராகச் சுருங்கும். கடக்குமிடத்தை நடைபாதையின் மட்டத்திற்கு உயர்த்தினால் வண்டிகள் தாமே மெதுவாகும். இவற்றையெல்லாம் விடுத்து நடை மேம்பாலம் கட்டுவோர், மூட்டை சுமந்து வரும் கிழவியை ஒருமுறை அதன் படிகளில் ஏறச் சொல்லிப் பார்க்கலாம்.

பழைய வீதிகளை மாற்றியமைத்தல் இயலாது என்பாருக்குத் தில்லியின் சாந்தினி சௌக் ஒரு விடை. ஷாஜஹான் காலத்தில் நடுவே கால்வாய் ஓட அமைந்த அவ்வீதியில் பின்னர் டிராம் வண்டிகள் ஓடின. இறுதியில் மோட்டார்களின் நெரிசலே மிஞ்சியது. செங்கோட்டையை அடுத்துத் தொடங்கி ஃபதேபுரி மசூதி வரையில் அது திருத்தப்பட்டு, 2021 செப்டம்பரில் திறக்கப்பட்டது. நடைபாதைகள் அகன்றன, காலை 9 மணி முதல் இரவு 9 மணி வரை மோட்டார் வண்டிகளுக்குத் தடை விதிக்கப்பட்டது. எனினும் காவல் தளர்ந்த வேளைகளில் இருசக்கர வண்டிகள் உள்ளே புகுவதாகக் குறைகள் எழுந்தன. கடிகாரத்தையும் காவலரையும் நம்பிய பகுதியே தளர்ந்தது. கல்லால் அகலமாக்கிய நடைபாதை தளரவில்லை.

தடங்களைக் குறுக்கினால் நெரிசல் மிகும் என்ற அச்சம் முற்றிலும் ஆதாரமற்றது அன்று. ஆனால் நகர வீதியில் வண்டிகள் தேங்குவது பெரும்பாலும் சந்திப்புகளிலேயாம். இடையில் அரை மீட்டர் குறைவதால் இழப்பது சிறிது. மேலும், 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம், சாலையை வகுத்தோரும் கட்டியோரும் உரிய தரங்களைக் கடைப்பிடிக்கத் தவறி, அதனால் மரணமோ ஊனமோ நேரின் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க இடமளிக்கிறது. குற்றம் நடப்பவருடையது மட்டுமன்று எனச் சட்டமே ஏற்றுக்கொண்டது.

களப்பணியாளர்கள் விபத்து நடந்த இடங்களைக் குறிக்கும்போது தடத்தின் அகலம், கடக்கும் தொலைவு, நடுத்திட்டு உண்டா என்பவற்றையும் சேர்த்து எழுதுதல் வேண்டும். தடையற்ற நடைபாதை குறைந்தது 1.8 மீட்டர் வேண்டும் என இந்தியச் சாலைகள் காங்கிரஸ் 2012-இல் வகுத்தது. பள்ளி வாயிலில் அது எத்தனை மீட்டர் உள்ளது என்பதை அளக்க ஒரு நாடாவும், போக்குவரத்துக் குறைந்த ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையும் போதும்.