முயலுக்குக் கேரட் வேண்டாம், புல் போடுங்கள்!

சந்தையில் முயல்குட்டியைக் கண்டதும் குழந்தைகள் கேட்கிறார்கள். தகப்பனாரும் ஒரு ஜோடி வாங்கிக் கொடுத்து விடுகிறார். (ஆணும் பெண்ணுமாக வாங்கினால், முயலின் சினைக்காலம் சுமார் 31 நாள்தான் என்பதை நினைவில் வைக்க வேண்டும்!) வீட்டுக்கு வந்ததும் ஆளுக்கு ஒரு கேரட்டை நீட்டுகிறார்கள். முயல் கடித்துத் தின்கிறது. எல்லோரும் கை தட்டுகிறார்கள்.

கோளாறு அங்கேதான் தொடங்குகிறது.

கேரட்டும் முயலும் ஜோடி சேர்ந்தது சினிமாவில்! 1940-ல் திரைக்கு வந்த பக்ஸ் பன்னி என்ற அமெரிக்கக் கார்ட்டூன் முயல், எந்நேரமும் கேரட்டைக் கடித்துக் கொண்டிருக்கும். உண்மையான முயலுக்கு அது மிட்டாய் மாதிரி. சர்க்கரைச் சத்து அதிகம். என்றைக்காவது ஒரு சிறு துண்டு கொடுக்கலாம். அவ்வளவுதான்.

முயலின் சாப்பாடு புல்.

வளரும் பல்

முயலின் பற்கள் சாகும் வரை வளர்ந்து கொண்டே இருக்கும். புல்லை அரைத்து மென்றால்தான் அவை தேயும். தேயாத பல் கூராக வளர்ந்து நாக்கையும் கன்னத்தையும் குத்தும். எதிரே தீனி இருக்கும். முயலால் தின்ன முடியாது!

குடல் ஓடுவதற்கும் புல்லில் உள்ள நார் வேண்டும். பச்சைப் புல்லோ, காய்ந்த புல்லோ இரவும் பகலும் எதிரில் இருக்க வேண்டும். அருகம்புல் நல்லது. பூச்சி மருந்து அடித்த இடத்தில் அறுக்கக் கூடாது. கொத்தமல்லித் தழை, புதினா கொஞ்சம் கொடுக்கலாம். சோறு, ரொட்டி, பிஸ்கட் வேண்டாம். வெங்காயம் ஆகவே ஆகாது. தண்ணீர் எப்போதும் இருக்க வேண்டும்.

பசித்தால் நாய் குரைக்கும், பூனை கத்தும். முயல் மூலையில் சும்மா உட்கார்ந்திருக்கும். அரை நாள் தின்னாமல், புழுக்கையும் போடாமல் இருந்தால் ஆபத்து. குடல் நின்று போனால் முயல் செத்துவிடும். "காலையில் பார்த்துக் கொள்ளலாம்" என்று தூங்கப் போகக் கூடாது. உடனே கால்நடை மருத்துவரிடம் கொண்டு போக வேண்டும்.

இன்னொன்று. முயல் தன் கழிவில் ஒரு வகையைத் தானே தின்னும். மிருதுவாக, திராட்சைக் கொத்துப் போல இருக்கும். அதைப் பார்த்து அருவருப்பு அடைகிறவர்கள் உண்டு. அது வியாதி அல்ல. அதில்தான் வைட்டமின் சத்து இருக்கிறது. தடுக்கக் கூடாது.

மூலையில் ஒரு தட்டு

"முயல் வளர்த்தால் வீடு நாறும்" என்பார்கள். முயல் மேல் குற்றம் இல்லை. பெரும்பாலான முயல்கள் ஒரே மூலையைத் தேடித்தான் சிறுநீர் கழிக்கும். அந்த மூலையில் அகலமான பிளாஸ்டிக் தட்டை வைத்தால் போதும். அடியில் பழைய செய்தித்தாள். மேலே காய்ந்த புல். முயல் தின்று கொண்டே புழுக்கை போடும். ஆகவே தீனிப் புல்லைத் தட்டின் ஒரு ஓரத்திலேயே வைத்தால், அது தானாகவே அங்கு வந்து உட்காரும். அடித்துப் பழக்க வேண்டியதில்லை. பைன் மரத்தூள் போட்டால் முயலுக்குக் கெடுதல்.

ஈரக் காகிதத்தைத் தினமும் மாற்ற வேண்டும். சிறுநீர் நெடி முயலின் கண்ணையும் மூச்சையும் கெடுக்கும். தட்டில் வெள்ளைக் கறை படிந்தால் வினிகர் ஊற்றிக் கழுவலாம். தட்டைத்தான் கழுவ வேண்டும். முயலைக் குளிப்பாட்டக் கூடாது!

யார் கழுவுவது?

முயல் எட்டு, பத்து வருஷம் உயிரோடு இருக்கும். பையனுக்குப் பரீட்சை வரும். விளையாட்டில் புத்தி போகும். தட்டு அப்படியே கிடக்கும். அவனைத் திட்டிப் பயன் இல்லை. முயலுக்குப் பொறுப்பு பெரியவர்களே. தினமும் புல் போடுவது யார், தட்டைக் கழுவுவது யார் என்று வாங்கும் முன்பே பேசி முடிவு செய்ய வேண்டும். ஆள் இல்லாத வீட்டுக்கு முயல் வேண்டாம். குழந்தை இரண்டு நாள் அழுதால் அழட்டும்.

வெளியூர் போகும்போது பக்கத்து வீட்டில் விட்டுப் போகிறவர்கள், புல்லையும் கட்டிக் கொடுத்து விட்டுப் போக வேண்டும். இல்லாவிட்டால் அவர்கள் கேரட்டைத்தான் போடுவார்கள்!