வேன் எடுத்துப் போகிறவர்கள் மாளிகைமேட்டுக்கும் போங்கள்

பதிவு கொஞ்சம் நீளம். காபி போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்து படியுங்கள்.

அமெரிக்காவில் இருக்கும் என் பழைய மாணவன் ஒருவன் மெக்சிகோவில் குடும்பத்தோடு வேன் எடுத்துக்கொண்டு மாயர்களின் பழைய நகரங்களைச் சுற்றிப் பார்த்த படங்களைப் போட்டிருந்தான். படிக்கட்டுக் கோபுரம் மாதிரி நிற்கும் சிச்சென் இட்சாவைப் பார்க்க எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. நன்றாக இரு கண்ணா, இன்னும் நிறையப் பார். ஆனால் அதைப் பார்த்த இன்னொரு மாணவி, "நம்ம பக்கம் இந்த மாதிரி மறைந்துபோன நகரம் எதுவும் இல்லையே டீச்சர்" என்று கேட்டிருந்தாள். அவளுக்குத்தான் இந்தப் பதில்.

இருக்கிறது அம்மா. மயிலாப்பூர் மாடவீதியிலிருந்து விடியற்காலை நாலரைக்குக் கிளம்பினால், வழியில் டிபன் சாப்பிட்டும் பதினோரு மணிக்குள் போய்விடலாம். சுமார் 250 கிலோமீட்டர். கங்கைகொண்ட சோழபுரம்.

"அந்தக் கோயிலைத்தான் பார்த்துவிட்டோமே" என்பீர்கள். நான் கோயிலைச் சொல்லவில்லை. கோயிலிலிருந்து சுமார் இரண்டு கிலோமீட்டரில் மாளிகைமேடு என்று ஓர் இடம் இருக்கிறது. ராஜேந்திர சோழனின் அரண்மனை இருந்த இடம். கும்பகோணத்துக்கு நவக்கிரக டூர் போகிற சென்னை வேன்களில் பாதி அந்தச் சாலை வழியாகத்தான் போகின்றன. கோயிலில் அரை மணி நேரம் நிறுத்துவார்கள். மாளிகைமேட்டுக்குத் திரும்புகிற வேன் குறைவு. இது எனக்குப் பெரிய வருத்தம். முழுசாக நிற்கிறதை மட்டும் பிள்ளைகளுக்குக் காட்டிக்கொண்டிருந்தால் சரித்திரம் அவர்களுக்குப் பிடிபடாது. உடைந்ததையும் காட்ட வேண்டும் என்பதே என் கட்சி.

போன தை மாதம் நாங்கள் பதின்மூன்று பேர் போனோம். மயிலாப்பூரில் ஏறி, தி.நகரில் அண்ணன் குடும்பத்தையும் அடையாற்றில் தங்கை குடும்பத்தையும் ஏற்றிக்கொண்டோம். மாளிகைமேட்டுக்குப் போக வேண்டும் என்றதும் டிரைவர் தம்பி, "அங்க வெறும் செங்கல்தாம்மா இருக்கு" என்றார். போய் இறங்கினதும் பேரனும், "இதுதானா பாட்டி?" என்றான். இரண்டு பேர் சொன்னதும் உண்மை. மண்ணுக்குள்ளிருந்து எடுத்த செங்கல் அடித்தளங்கள், அவ்வளவுதான் தெரியும். தூணும் இல்லை, சிலையும் இல்லை. செல்ஃபி எடுக்கத் தோதான இடமே இல்லை.

ஆனால் வகுப்பு நடத்த இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை. "சுவர் எவ்வளவு அகலம், கண்ணால் பார்த்துச் சொல்லுங்கள்" என்றேன். ஒரு மீட்டருக்குக் குறையாது என்று கண்டுபிடித்தார்கள். "இவ்வளவு அகலச் சுவர் எதற்கு?" மேலே மாடி இருந்திருக்கும் என்றாள் அண்ணன் பேத்தி. "அப்போ கூரை எங்கே?" பதில் வரவில்லை. அகழாய்வில் கூரை ஓடுகளும் இரும்பு ஆணிகளும் ஏராளமாகக் கிடைத்திருக்கின்றன என்று சொன்னேன். உடனே பேரன், "அப்படீன்னா மரத்துல சட்டம் போட்டு, ஆணி அடிச்சு, ஓடு வேய்ஞ்சிருக்காங்க!" என்றான். இல்லாத கூரையை அவனே போட்டுவிட்டான். முழுக் கட்டடத்தின் முன் நின்றால் பிள்ளைகள் அண்ணாந்து பார்ப்பார்கள். இடிந்ததன் முன் நின்றால் யோசிப்பார்கள்.

சாமி வீட்டைக் கல்லால் கட்டினார்கள், ராஜா வீட்டைச் செங்கல்லாலும் மரத்தாலும் கட்டினார்கள். அதனால்தான் ஒன்று நிற்கிறது, மற்றது இல்லை. மாயர் நாட்டிலும் இதே கதைதான். கற்கோயில்கள் நிற்கின்றன, சாதாரண ஜனங்களின் கூரை வீடுகள் மண்ணோடு போய்விட்டன. மிஞ்சினதை வைத்து, "அந்தக் காலத்தில் எல்லாம் கோயில்தான்" என்று நினைத்துவிடக் கூடாது. மாயர்கள் மறைந்துபோனார்கள் என்று சொல்வதும் தவறு. அவர்கள் வம்சத்தார் லட்சக்கணக்கில் மெக்சிகோவிலும் குவாத்தமாலாவிலும் இன்றும் இருக்கிறார்கள், அவர்கள் மொழிகளைப் பேசுகிறார்கள். நகரம் போனால் ஜனங்கள் போய்விட்டதாக அர்த்தமில்லை.

கங்கைகொண்ட சோழபுரம் கொஞ்ச நாள் இருந்த ஊர் இல்லை. ராஜேந்திரனின் படை கங்கைக்கரை வரை போய் வந்த பிறகு எழுந்த தலைநகரம். 1279 வாக்கில் சோழர் ஆட்சி முடிகிற வரை, சுமார் 250 ஆண்டுகள் அங்கிருந்துதான் ஆண்டார்கள். கடல் தாண்டிக் கடாரம் வரை படை அனுப்பிய ராஜாவின் ஊர். மாளிகைமேட்டு மண்ணில் சீனப் பீங்கான் துண்டுகள் கூடக் கிடைத்திருக்கின்றன. தமிழ்நாடு தொல்லியல் துறை 1980-களில் தோண்டியது, 2021-ல் மறுபடி ஆரம்பித்தது.

சுவர் போனாலும் அந்த ஊரை முழுசாக அழிக்க முடியவில்லை. எதனால் தெரியுமா? பெயர்களால். சுற்றிலும் இருக்கிற கிராமங்களின் பெயர்களைப் படித்துப் பாருங்கள்: உட்கோட்டை, இடைக்கட்டு, மெய்க்காவல்புத்தூர், ஆயுதக்களம், சுண்ணாம்புக்குழி, யுத்தப்பள்ளம். கோட்டை எங்கே, மெய்க்காவலர்கள் எங்கே, ஆயுதம் எங்கே, கட்டடத்துக்குச் சுண்ணாம்பு எங்கே என்று ஒரு வரைபடமே அந்தப் பெயர்களில் இருக்கிறது. பஸ்ஸின் பெயர்ப் பலகையில் சரித்திரம் ஓடுகிற ஊர் அது. வேனில் பிள்ளைகளுக்குப் போனைக் கொடுக்காமல் பெயர்ப் பலகைகளைச் சத்தமாகப் படிக்கச் சொன்னேன். அதுவே ஒரு தமிழ்ப் பாடம் ஆனது.

நம் தி.நகர்க்காரர்களுக்கும் ஒன்று சொல்கிறேன். மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு இருக்கிறது, ஏரி எங்கே? அங்கே இருந்த நீண்ட ஏரியை நூறு வருஷத்துக்கு முன்னால் தூர்த்துத்தான் தி.நகரை உருவாக்கினார்கள். பெயர் மட்டும் மிஞ்சி நிற்கிறது. மயிலாப்பூரிலும் பழைய கபாலீசுவரர் கோயில் கடற்கரைப் பக்கம் இருந்து, போர்த்துக்கீசியர் காலத்தில் அழிந்து, இப்போதிருக்கும் கோயில் பிறகு கட்டினதுதான். பழைய கோயிலின் கல்வெட்டுத் துண்டுகள் சாந்தோமில் கிடைத்திருக்கின்றன. இடிபாட்டைப் பார்க்க மெக்சிகோ போக வேண்டியதில்லை. நாம் அதன் மேலேயேதான் குடியிருக்கிறோம்.

இனி வேனில் நடந்த சண்டைக்கு வருகிறேன். கோயிலின் சுற்றுமதிலும் கோபுரமும் ஏன் இப்படிச் சிதைந்து கிடக்கின்றன என்று தங்கை மகன் கேட்டான். 1836-ல் கொள்ளிடத்தின் குறுக்கே கீழணை கட்டினபோது ஆங்கிலேயர்கள் இங்கிருந்து கற்களைப் பெயர்த்துக்கொண்டு போனார்கள் என்றேன். அண்ணனுக்குக் கோபம் வந்துவிட்டது. "கோயில் கல்லை எடுத்து அணை கட்டறதா? அநியாயம்!" என்றார். இன்ஜினியரான என் மருமகள் மெதுவாக, "மாமா, அந்த அணையால எத்தனை ஏக்கர் விளைஞ்சிருக்கும்?" என்றாள். மீன்சுருட்டி வரைக்கும் சண்டை ஓயவில்லை.

என் கருத்தைக் கேட்டார்கள். அந்தத் தண்ணீர் எங்கே போகிறது என்று முதலில் பாருங்கள் என்றேன். கீழணையிலிருந்து வடவாறு வழியாக வீராணம் ஏரிக்குத் தண்ணீர் வருகிறது. வீராணம், பராந்தக சோழன் காலத்து ஏரி. பொன்னியின் செல்வனில் வந்தியத்தேவன் குதிரையில் வருவானே, அதே ஏரிக்கரை. அங்கிருந்து 2004 முதல் குழாய் வழியாகச் சென்னைக்குக் குடிநீர் வருகிறது. அதாவது ராஜேந்திரன் கோயில் கல் தடுத்து நிறுத்துகிற தண்ணீர், அவன் முன்னோர் வெட்டின ஏரியில் தேங்கி, நம் ஊர்க் குழாய்களில் கலக்கிறது. அண்ணன் குடிக்கிற காபியிலும் அது இருக்கலாம்!

அதற்காகக் கல்லைப் பெயர்த்தது சரி என்று நான் சொல்லவில்லை. கல்வெட்டு இருந்த கல்லும் அதில் போயிருக்கும், அந்த நஷ்டம் திரும்பாது. வேறு கல் தேடியிருக்கலாம், அருகில் இருக்கிறதே என்று எடுத்தார்கள். ஆனால் வயலுக்கு வந்த தண்ணீரையும் பொய் என்று சொல்ல முடியாது. சரித்திரத்தில் நல்லவன் கெட்டவன் என்று இரண்டு பத்தி போட்டு மார்க் கொடுக்க வராது. இரண்டையும் ஒரே பக்கத்தில் எழுதிவைக்கத்தான் வேண்டும். பிள்ளைகளுக்கு இந்தப் பழக்கம் சின்ன வயதிலேயே வர வேண்டும்.

மாளிகைமேட்டுச் செங்கல்லைப் பல தலைமுறையாக அக்கம்பக்கத்து ஜனங்கள் வீடு கட்ட எடுத்திருக்கிறார்கள் என்றும் சிலர் குறை சொல்கிறார்கள். நான் அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். இது இன்னது என்று யாரும் வந்து சொல்லாத வரை செங்கல் வெறும் செங்கல்தான். இன்று நமக்குத் தெரியும், தெரிந்தும் வேனைத் திருப்பாமல் போகிறோமே, அதைத்தான் குறை சொல்வேன். நாலு பேர் வந்து பார்க்கிற இடத்தைத்தான் ஊரும் காப்பாற்றும், அரசாங்கமும் கவனிக்கும். யாரும் வராத மேடு ஒரு நாள் வெறும் மேடாகிவிடும்.

என் மாணவர்களில் சிலர் இன்று ஆசிரியர்கள். உங்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. சுற்றுலா என்றால் ஈ.சி.ஆரில் தண்ணீர் விளையாட்டுப் பூங்கா என்று ஆகிவிட்டது. பிள்ளைகள் சந்தோஷப்படட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. மூன்று வருஷத்துக்கு ஒரு தடவையாவது ஓர் இடிந்த இடத்துக்கு அழைத்துப் போங்கள். பாடப் புத்தகத்தில் சோழர் பாடம் நடத்தின அடுத்த வாரமே என்றால் இன்னும் நல்லது.

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். வெயில் ஏறும் முன் மாளிகைமேட்டைப் பார்த்துவிடுங்கள், அங்கே நிழல் குறைவு. தொப்பியும் குடிதண்ணீரும் அவசியம். நடுப்பகலில் கோயில் சன்னதி சாத்தியிருக்கும் நேரத்தில் அருகில் இருக்கும் அரசு அகழ்வைப்பகத்தைப் பாருங்கள். கோயிலில் சிங்கக் கிணற்றையும் சண்டிகேசருக்கு அருள் செய்யும் சிவன் சிற்பத்தையும் விட்டுவிடாதீர்கள். முடிந்தால் சோழகங்கம் ஏரிக்கரை வரை போய் வாருங்கள். கங்கை வெற்றிக்கு ராஜேந்திரன் நட்ட, தண்ணீராலான வெற்றித்தூண் அது என்று திருவாலங்காட்டுச் செப்பேடு சொல்கிறது. கல்லில் தூண் நட்டிருந்தால் அதையும் யாராவது பெயர்த்திருப்பார்கள். ஏரியாக வெட்டினதால் இன்றும் இருக்கிறது.

கடைசியாக ஒரு வீட்டுப்பாடம். ஓய்வு பெற்றாலும் டீச்சர் டீச்சர்தானே! உங்கள் சொந்த ஊரிலோ பக்கத்திலோ மேடு, கோட்டை, களம், குழி, பள்ளம் என்று முடிகிற இடப்பெயர் இருக்கிறதா? பெரியவர்களிடம் காரணம் கேட்டு எனக்கு எழுதுங்கள். எல்லாவற்றையும் ஒரு நோட்டில் சேர்த்துக்கொண்டிருக்கிறேன். அடுத்த வேன் எந்த ஊருக்கு என்பதை அந்த நோட்டைப் பார்த்துத்தான் முடிவு செய்யப்போகிறேன்.

எல்லோரும் நலமாக இருங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்